10 மி.மீ. என்று விற்ற பிளக் கட்டர்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

தேக்குக் கட்டில் ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். ஸ்க்ரூ தலைகளை அதே மரத்தில் பிளக், அதாவது துளையை அடைக்கும் சின்ன வட்டத் துண்டு, வெட்டி மூட வேண்டும். அதை வெட்ட டிரில்லில் மாட்டும் பிளக் கட்டர் செட் ஆன்லைனில் கிடைத்தது: 6, 10, 13, 16 மி.மீ. என நான்கு, 650 ரூபாய். ‘ஹெச்எஸ்எஸ் ஸ்டீல், டவலும் வெட்டலாம், பிளக்கும் வெட்டலாம்’ என்று போட்டிருந்தது. (ஹெச்எஸ்எஸ் என்பது சூடு தாங்கும் வெட்டுக்கருவி எஃகு; டவல் என்பது இரண்டு மரத்தை இணைக்க உள்ளே செருகும் உருண்டைக் குச்சி.) நம்பி வாங்கினேன்.

10 மி.மீ. துளையில் அந்தக் கட்டரில் வெட்டிய பிளக்கை வைத்தால் லொடலொடவென்று ஆடியது. வெர்னியர் அளவுகருவியில் அளந்தேன்: 9.5 மி.மீ. அது 3/8 அங்குலக் கட்டர். 10 என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், பாலிஷ் போட்ட பிறகு பிளக்கைச் சுற்றி வரும் கறுப்பு வளையத்தைப் பார்த்ததில்லை.

சரி, 9.5 துரப்பண பிட் வாங்கிச் சமாளிக்கலாம் என்று தொடர்ந்தேன். ஐந்தாவது பிளக்கில் புகை. பல் நுனி நீலமாகிவிட்டது. தேக்கில் சிலிக்கா உண்டு, எந்தக் கூரையும் மழுக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் ஹெச்எஸ்எஸ் 500 டிகிரி சூட்டிலும் பதம் இழக்காது. நீலம் ஏறிய பல்லில் அரத்தை வைத்து இழுத்தேன். ஹெச்எஸ்எஸ் என்றால் வழுக்கியிருக்க வேண்டியது, கடித்தது. சாதா கார்பன் ஸ்டீல்!

டவல் விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது. பலகையின் முகத்தில் வெட்டும் பிளக்கில் நார் குறுக்கே ஓடும். மேலே மூடுவதற்கு அதுதான் வேண்டும்; ரேகை பலகையோடு சேர்ந்துகொள்ளும். அதையே இணைப்பில் டவலாகப் போட்டால் பிஸ்கட் மாதிரி முறியும். எனக்கு இரண்டு முறிந்தன. டவலுக்கு நார் நீளவாக்கில் ஓட வேண்டும்.

இதைப் பக்கத்துத் தெரு ஆசாரியிடம் சொன்னபோது சிரித்தார். அவர் நிலைக் கதவுக்கு மூங்கில் ஆணி சீவியே பழகியவர். லேத் பட்டறையில் கனமான இரும்புத் தகட்டில் 12, 11, 10 என்று துளை போட்டு, அடிப்பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தித் தரச் சொன்னார். மரத்தை அறுக்காமல் நார்போக்கில் பிளந்து, சுமாராகச் சீவி, பெரிய துளையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) அடித்து இறக்கினால் டவல் தயார். பட்டறையில் 200 ரூபாய் வாங்கினார்கள்.

விற்றவரிடம் கேட்டதற்கு ‘நீங்கள் வேகமாக ஓட்டியிருப்பீர்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்று பதில். அளவு தப்பாக இருப்பதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அதற்குப் பதில் இல்லை. திருப்பி அனுப்ப 7 நாள்தான் கெடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்பவனுக்கு அது எங்கே போதும்?

நீங்கள் வாங்கினால் பெட்டி வந்த அன்றே ஏதாவது துண்டு மரத்தில் ஒரு பிளக் வெட்டி அளந்து பாருங்கள். கட்டரைப் பெஞ்ச் டிரில்லில் மாட்டுங்கள். நடுமுனை இல்லாத கட்டர் கை டிரில்லில் பலகை மேல் நடனமாடும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வெர்னியர் அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தபோது கையில் இருந்த ஆதாரம் அது ஒன்றுதான். மூன்று வாரத்தில் 650 ரூபாய் திரும்பி வந்தது. கட்டரை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.