பாரோமீட்டருக்கு நான்கரை நட்சத்திரம், கூட வந்த அட்டைக்கு ஒன்றுமில்லை

சேலம் அம்மாப்பேட்டையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன்பு 2,800 ரூபாய் கொடுத்து ஓர் அனராய்டு பாரோமீட்டர், அதாவது பாதரசம் இல்லாமல் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி, வாங்கினேன். ஒரு முறை ஏற்காடு வரை கொண்டுபோய் வந்தாயிற்று. வீட்டில் தினமும் பார்க்கிறோம். பிள்ளைகளுக்காக வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இதற்கு முன்பு ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன். அதன் அளவுகோல் 960 ஹெக்டோபாஸ்கலில் (காற்றழுத்தத்தின் அலகு) தொடங்கி 1060 வரை. வீட்டுச் சுவரில் மாட்டி வானிலை பார்க்கச் செய்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் சுமார் 978. அதாவது நம் ஊரிலேயே முள் இடது ஓரத்தில்தான் நிற்கும். இதை யோசிக்காமல் ஒன்பது பிள்ளைகளோடு ஏற்காடு பஸ் ஏறிவிட்டேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் முள் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. இன்னும் பதினேழு வளைவு பாக்கி. பிள்ளைகள் நோட்டை மூடி வைத்ததைப் பார்க்க மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டாவதை சேலத்தில், பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கினேன். கடைக்கார அண்ணன் விலை சொல்வதற்கு முன்பே, "எதுக்கு டீச்சர், மழை பார்க்கவா, மலை ஏறவா?" என்று கேட்டார். மலைக்கு என்றதும் உள்ளே போய் 600 முதல் 1060 வரை உள்ளதை எடுத்து வந்தார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடைக்கு இனியும் போவேன்.

கருவி நன்றாக இருக்கிறது. பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவான மூடி. உள்ளே காற்று நீக்கிய மெல்லிய உலோகக் குப்பி, அது அமுங்கும்போதும் உப்பும்போதும் நெம்புகோல்கள் அசைந்து முள்ளைத் திருப்புவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. பாதரசம் கிடையாது, உடைந்தாலும் பயமில்லை. 1844இல் லூசியன் விடி காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான். படிப்பதற்கு முன் விரல் நுனியால் மெல்லத் தட்ட வேண்டும், இல்லையென்றால் முள் கொஞ்சம் பின்தங்கும். எப்போதும் நிற்க வைத்தே படியுங்கள், படுக்க வைத்தால் அளவு சற்று மாறுகிறது. முள்ளைச் சரிசெய்யும் திருகு ரொம்ப இறுக்கம். அரை நட்சத்திரம் குறைத்தது அதற்குத்தான்.

இனி அந்த அட்டை. பெட்டிக்குள் மாணவர்களுக்கென்று வண்ணத்தில் ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். மூன்று படிக்கட்டு. கீழ்ப்படியில் கருதுகோள், நடுவில் கோட்பாடு, உச்சியில் விதி. சோதித்தால் கருதுகோள் கோட்பாடாகுமாம், முழுதாக நிரூபித்தால் கோட்பாடு விதியாகுமாம். உதவியாளர் கண்காணிப்பாளராகி, பிறகு தாசில்தார் ஆவதுபோல. இது தவறு. கூடவே இருக்கும் கருவியை வைத்தே தவறு என்று காட்டலாம். நான் காட்டினேன்.

1640களில் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்து, நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் காற்றின் எடைதான் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துகிறது என்றார். அது கருதுகோள். அது சரியென்றால் மலைமேல் காற்று குறைவு, பாதரசம் இறங்க வேண்டும். பிரான்சில் பாஸ்கல் தன் அக்காள் கணவர் பெரியேவிடம் இதைச் சோதிக்கச் சொன்னார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பூய் த தோம் என்ற மலையில் ஏறினார். எனக்குப் பிடித்த விஷயம், அடிவாரத்தில் ஒரு மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துறவியையும் ஏற்பாடு செய்தார் என்பது. கீழே அளவு மாறவில்லை. மேலே சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

நாங்களும் அப்படியே செய்தோம். மலைக்கு உதவாத முதல் கருவி வீட்டில் அம்மாவிடம். காலை பத்திலிருந்து அரை மணிக்கு ஒரு முறை எழுத வேண்டியது அவர் வேலை. புதியது எங்களோடு. வீட்டில் 978, ஏற்காடு ஏரிக்கரையில் 866, சேர்வராயன் கோயில் வாசலில் 838. உச்சியிலிருந்து போன் போட்டேன். "ஒண்ணு ரெண்டுதான் இறங்கியிருக்கு கண்ணு" என்றார் அம்மா. எங்களுக்கு 140 இறங்கியிருந்தது, பாதரசக் கணக்கில் பத்து சென்டிமீட்டருக்கு மேல். முகப்பில் இருக்கும் அலகே பாஸ்கலின் பெயர்தான் என்று அப்போதுதான் ஒரு பையன் கவனித்தான்.

அப்புறம் கண்ணாடி சிரிஞ்சு. சேலத்தில் 10 மில்லி காற்றை அடைத்து நுனியை எம்சீல் வைத்து மூடியிருந்தோம். அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்பது 1662இல் வெளியான பாயில் விதி. கணக்குப்படி கோயில் வாசலில் 11.7 மில்லி ஆகியிருக்க வேண்டும். சிரிஞ்சு காட்டியது 11.3. பிள்ளைகள் பதறினார்கள். பாயில் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். மேலே பத்து டிகிரி குளிர் கூடுதல். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 11.3க்கே வந்துவிட்டது. விதி இவ்வளவுதான் செய்கிறது: இன்ன நிபந்தனையில் இது இப்படி மாறும் என்று அளவோடு சொல்கிறது. ஏன் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஏன் என்பதற்குப் பதில் சொல்வது வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிச் சுவரில் மோதுகின்றன, இடம் பாதியானால் மோதல் இரட்டிப்பாகும், அழுத்தமும் இரட்டிப்பாகும். டேனியல் பெர்னூலி இதை 1738இல் எழுதினார். மாக்ஸ்வெல் போன்றவர்கள் 1860 வாக்கில் கையில் எடுத்த பிறகே அது முழு உருவம் பெறத் தொடங்கியது. ஆண்டுகளைப் பாருங்கள். விதி முதலில் வந்தது, அதை விளக்கும் கோட்பாடு முழு உருவம் பெற ஏறக்குறைய 200 ஆண்டு ஆயிற்று. அட்டைப்படி பார்த்தால் இது தலைகீழ். போதாததற்கு, அழுத்தம் மிக அதிகமானால் பாயில் விதி பிசகுகிறது. ஏன் பிசகுகிறது என்று 1873இல் வான் டெர் வால்ஸ் சொன்னதும் மூலக்கூறுகளுக்கு உள்ள பருமனையும் ஈர்ப்பையும் வைத்துத்தான்.

என் அப்பா தறி நெய்தவர். ஊர் திரும்பும் பஸ்ஸில் அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சேலையில் பூ எத்தனை இழைக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று எண்ணிச் சொல்லலாம். அது விதி. மேலே ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டைகளும் அந்தப் பூவை எப்படி எழுப்புகின்றன என்பது கோட்பாடு. எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் இழை தப்பினால், "இந்த அட்டையில ஓட்டை அடைச்சிருக்கும்" என்பார் அப்பா. அது கருதுகோள். அட்டையைக் கழற்றிப் பார்ப்பார், சில நாள் அவர் சொன்னது தப்பாகவும் இருக்கும். பூ எத்தனை வருஷமானாலும் தறியாக மாறாது.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. விதி என்றால் தலையெழுத்து, மீற முடியாதது. கோட்பாட்டையே கொள்கை என்றும் சொல்கிறோம், கொள்கை என்றால் கட்சிக்குக் கட்சி மாறுவது. "தியரி வேற, பிராக்டிகல் வேற" என்று வீட்டிலேயே சொல்கிறோம். இந்தச் சொற்களோடு வரும் பிள்ளையிடம் அந்தப் படிக்கட்டைக் காட்டினால் உடனே நம்பிவிடும். நாளைக்கு யாராவது "பரிணாமம் வெறும் கொள்கைதானே" என்றால் தலையாட்டும். அதனால்தான் ஓர் அட்டைக்கு இவ்வளவு எழுதுகிறேன். தயாரிப்பாளருக்கும் கடிதம் போட்டிருக்கிறேன்.

வாங்கியபோது எதிர்பார்க்காத லாபம் ஒன்று. அம்மா எழுதிய தாளில் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை முள் மெல்ல இறங்கியிருந்தது, மொத்தம் நான்கு ஹெக்டோபாஸ்கல். வெயில் ஏறினால் காற்று லேசாகும், அதனால்தான் என்றாள் ஒரு மாணவி. நல்ல கருதுகோள். அப்படியென்றால் இரவு முழுதும் முள் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், பார்ப்போமா என்றேன். முறைவைத்து விழித்திருந்து பார்த்தார்கள். இரவு பத்து மணி வரை ஏறியது, பிறகு விடியற்காலை நான்கு வரை மறுபடி இறங்கியது. அவள் சொன்னது நிற்கவில்லை. மேலே ஓசோனும் நீராவியும் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதால் வளிமண்டலம் முழுவதும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசலாடுகிறது என்று அடுத்த வகுப்பில் சொன்னேன். அதற்குள் அவள் வேறொரு யோசனையை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இந்த வாரம் அதைச் சோதிக்கிறோம். அம்மா இரவு பத்து மணி அளவை எடுத்துவிட்டுத்தான் படுக்கிறார்.