முழங்கையைப் பார்த்த கண் டாக்டர்

ஊரில் கல்யாணம் நன்றாக நடந்தது, எல்லோரையும் பார்த்தாயிற்று. நான் எழுத உட்கார்ந்தது என் வலது கண்ணைப் பற்றி.

இறங்கிய மூன்றாம் நாள் கண் சிவந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் அது கண் வலிதான். மருந்துக்கடையில் சீட்டுகூடக் கேட்காமல் ஆன்டிபயாடிக் சொட்டு கொடுத்தார்கள். நான் இருக்கும் நாட்டில் இது நடக்காது. இரண்டு நாள் போட்டேன். பீளை துளியும் இல்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டாலே கண்ணுக்குள் குத்தியது, எழுத்தும் மங்கியது.

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன், எழுத்துப் பலகை, பெஞ்ச் எல்லாம் பழையபடிதான். மூன்று மணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, போகவில்லை.

உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, முழங்கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். வருஷக்கணக்காக முழுக்கை போட்டு மறைத்துவரும் முழங்கை அது. வெள்ளைச் செதிலைப் பார்த்தார். அப்புறம் என் விரல்களைப் பிடித்து, நகத்தில் ஊசியால் குத்தியது போலிருந்த குழிகளைப் பார்த்தார். "சொரியாசிஸ் எத்தனை வருஷமா இருக்கு? காலையில எழுந்ததும் மூட்டு விறைப்பா இருக்குமா?"

இருக்கும். வயசாகிறது என்று நினைத்திருந்தேன்.

கண்ணுக்குள் வந்த அழற்சிக்கு யூவைடிஸ் என்று பெயர். தோலில் செதில் செதிலாக வரும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, அதிலும் மூட்டையும் தொட்டிருந்தால், இது வரக்கூடும். கவனிக்காமல் விட்டால் கண்மணியைச் சுற்றியுள்ள திரை பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்கத்தான் கண்மணியை விரிக்கும் சொட்டு. கூடவே ஸ்டீராய்டு சொட்டு, முதலில் மணிக்கொரு தரம். சிவப்பு போய்விட்டது என்று சட்டென நிறுத்தினால் திரும்ப வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம் என்பதால் அதையும் அளந்து பார்க்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது அங்கே அல்ல, இங்கே திரும்பிய பிறகு. 11 வருஷமாக இங்குள்ள தோல் கிளினிக்குக்குப் போகிறேன். சொன்ன நிமிஷத்துக்கு உள்ளே கூப்பிடுவார்கள், செதிலை ஸ்கேல் வைத்து அளப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். கண் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கண்ணாடிக்கடையில் கண்ணைப் பார்த்தவர்களும் தோலைப் பற்றிக் கேட்டதில்லை. அந்தப் பெண் மூன்று நிமிஷத்தில் கேட்டுவிட்டார்.

கிளம்பும் முன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சொரியாசிஸுக்கு ஊசி மருந்து தொடங்குவதானால் கண்ணையும் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுங்கள், எட்டானர்செப்டைவிட அடாலிமுமாப் கண்ணுக்கு உதவும் என்று அதில் இருந்தது. பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். தோல் டாக்டர் இரண்டு முறை படித்தார். பிறகு என் ஃபைலைத் திறந்து, வலது கண் என்று எழுத ஆரம்பித்தார்.