ஸ்வே பார் போடப் போய் 1,460 டாலர் போச்சு: பழைய கார் வைத்திருப்பவர்கள் உஷார்

மிச்சிகன் பக்கம் பழைய அமெரிக்கக் கார் வாங்கி வைத்திருக்கும் நம்மாட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பின்பக்க ஸ்வே பார் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பி) போடக் கடையில் வண்டியை விடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். இதைத் தட்டும்போதுகூடக் கோபத்தில் விரல் நடுங்குகிறது.

போனது 1,460 டாலர். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. டெட்ராய்ட்டுக்கு வடக்கே, பழைய கார்களுக்கு மட்டும் சஸ்பென்ஷன் வேலை செய்கிற கடை என்பதோடு விடுகிறேன். உள்ளே போனால் சுவர் முழுக்கப் பரிசுக் கோப்பைகளும் ஃப்ரேம் போட்ட போட்டோக்களும்.

என் வண்டி 1971 செவெல் மாலிபு, 350 வி8. எஸ்எஸ் என்கிற ஸ்போர்ட்ஸ் மாடல் இல்லை, சாதாதான். அந்தக் காலத்து ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நடுத்தரக் கார்களில், அதாவது செவெல், போன்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் 442, ப்யூக் ஸ்கைலார்க் எல்லாவற்றிலும், அடிப்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 442-க்கு 1964-லேயே பின்பக்கப் பார் போட்டுக் கொடுத்தார்கள். சாதா மாலிபு வாங்கினவனுக்கு அது கிடையாது. அதனால் வளைவில் திருப்பினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இங்கே பழைய கார்கள் ஊர்வலம் போகும் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் வருவதற்குள் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏமாற்றுக்காரன் பொய் சொல்லித்தான் ஏமாற்றுவான் என்று நினைக்காதீர்கள். இந்த ஆள் முதல் நாள் வண்டிக்கு அடியில் நின்று விளக்கியது அத்தனையும் உண்மை.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, டார்ச் லைட் அடித்து, என்னையும் அடியில் கூப்பிட்டுக் காட்டினார். அறுபது வயசிருக்கும், நிதானமான பேச்சு. பின்பக்க லோயர் கன்ட்ரோல் ஆர்மை, அதாவது பின் அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையை, விரலால் தட்டி, "இதைப் பாருங்க, வெறும் தகட்டை மடிச்சுப் பண்ணினது. மூணு பக்கம்தான் இருக்கு, அடிப்பக்கம் திறந்து கிடக்கு. இந்தக் கார்ல பார் பாடியில மாட்டாது. ரெண்டு ஆர்முக்கும் நடுவுல, ஆர்ம்லயேதான் போல்ட் ஆகும். ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது பார் முறுக்கும், அந்த முறுக்கல் முழுக்க ஆர்ம் மேலதான் விழும். இந்தத் தகடு தாங்காது. நாலு பக்கமும் அடைச்ச ஆர்ம் போட்டாத்தான் பார் போடணும்" என்றார். அப்புறம் இன்னொன்று: "வேற கடைக்காரனா இருந்தா பாரை மட்டும் மாட்டி அனுப்பிடுவான். நான் அதைச் செய்ய மாட்டேன்."

எல்லாம் சரியான தகவல். ஜிஎம்மே பின்பக்கப் பார் வைத்த வண்டிகளுக்கு அடைத்த ஆர்ம்தான் போட்டது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அந்த ஆள் சொன்னது வரிக்கு வரி பொருந்தியது. பிறகு நம்பாமல் என்ன செய்வது?

எஸ்டிமேட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். 1 இன்ச் பார் 290 டாலர். அடைத்த லோயர் ஆர்ம் ஜோடி 380. புஷிங் (இணைப்புகளில் அதிர்வு தாங்கும் உறை), கிரேடு 8 என்கிற உறுதியான ரகப் போல்ட், சில்லறைச் சாமான் 140. கூலி 650. மொத்தம் 1,460. கார்டில் போட்டால் மூணு சதவீதம் கூடும், வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் இதே விலை என்றார். அனுப்பினேன்.

வண்டியை எடுத்த அன்றைக்கே பின்னாலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். மெதுவாகப் போனால் இல்லை, வளைவில் திரும்பி நிமிரும்போது மட்டும். போன் பண்ணினேன். "பாலியூரித்தேன் புஷிங் அப்படித்தான் கத்தும், கிரீஸ் போடுங்க, பழகிடும்" என்றார். புஷிங் கத்தினால் கீச்சென்று கத்தும், டொக்கென்று இடிக்காது. சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்று விட்டேன். அதற்குள் ஒரு மழை நாளில் 696 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ரேம்ப்பில் வண்டியின் பின்பக்கம் தனியாக வெளியே நழுவியது. பின்சீட்டில் பையன் இருந்தான். பக்கத்து லேனில் வண்டி இல்லாததால் தப்பித்தோம்.

அடுத்த சனிக்கிழமை நண்பர் ஒருவரின் கராஜில் வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் வைத்தோம். நம்மூர்ப் பையன், டை அண்ட் டூல் (தொழிற்சாலை அச்சு, கருவி செய்கிற) வேலை தெரிந்தவன். அடியில் படுத்தவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, இங்க விரலை விட்டுப் பாருங்க" என்றான்.

ஆர்மின் அடியில் விரல் உள்ளே போனது. திறந்த ஆர்ம். 1971-இல் வண்டியோடு வந்த அதே பழைய ஆர்ம். மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ட், உள்ளே விரலை ஓட்டினால் ஐம்பது வருஷத்து மண்ணும் துருவும். பெயின்ட் அடிப்பதற்குமுன் துடைக்கக்கூட இல்லை, மண் மேலேயே அடித்திருக்கிறார்கள். பக்கத் தகடுகளில் ட்ரில் போட்டு பாரை மாட்டியிருக்கிறார்கள். போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு குழல் வைத்திருக்க வேண்டும், இறுக்கும்போது தகடு நசுங்காமல் அதுதான் தாங்கும். அது இல்லை. இறுக்கிய இறுக்கில் இரண்டு பக்கத் தகடும் உள்வாங்கிப் போயிருந்தன. பாருக்கும் ஆர்முக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பும் ஷிம் இல்லை, பாரை வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். துளை ஏற்கெனவே முட்டை வடிவத்தில் தேய ஆரம்பித்துவிட்டது. டொக் டொக் அங்கிருந்துதான்.

போல்ட் தலையைப் பார்த்தோம். கிரேடு 8 என்றால் தலையில் ஆறு கோடு இருக்கும், கிரேடு 5 என்றால் மூன்று. இதில் ஒரு கோடுகூட இல்லை, மொழுக்கென்று இருந்தது. 380 டாலர் ஆர்ம் வரவே இல்லை, கிரேடு 8 போல்ட்டுக்கும் நாமம்.

என்னை அதிகம் எரிச்சலாக்கியது இதுதான்: இந்த ஆர்மில் பார் போடக்கூடாது என்று அடியில் நிற்கவைத்து எனக்குப் பாடம் எடுத்தவரே, அதே ஆர்மில், அதே கையால், பார் போட்டிருக்கிறார். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம்.

வண்டி நழுவியதற்கும் காரணம் இருக்கிறது. முறுக்கலுக்கு எதிரான பலம் கம்பியின் விட்டத்தில் நான்காம் மடங்காக ஏறும். முக்காலே அரைக்கால் இன்ச் பாருக்குப் பதில் 1 இன்ச் போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு 1.7 மடங்கு. முன்னால் பழைய மெல்லிய பாரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் இப்படி விறைப்பாக்கினால், திருப்பும்போது பின்பக்க வெளிச் சக்கரத்தின் மேல் சுமை கூடி அது முதலில் பிடி விடும். முன்பக்கத்தையும் மாற்ற வேண்டுமா என்று நான் கேட்டேன். "தேவையே இல்லை" என்று சொன்னதும் அதே நிதானமான குரல்தான்.

போட்டோக்களை அனுப்பினேன். பதில் இல்லை. கடைக்குப் போன் பண்ணினால், அவர் பழைய சாமான் சந்தைக்குப் போயிருக்கிறார். அடுத்த முறை சாப்பிடப் போயிருக்கிறார். நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "இன்வாய்ஸ்ல அடைச்ச ஆர்ம்னு போட்டிருக்கே, அப்ப அதுதான் போட்டிருப்பாங்க" என்றார். வண்டி வெளியே நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். "எங்க கடையை விட்டுப் போனப்புறம் வண்டியை யார் தொட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது." அதாவது, நான் புது ஆர்மைக் கழற்றிவிட்டு, ஐம்பது வருஷத்துப் பழசை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, பெயின்ட் அடித்து மாட்டிக்கொண்டு சண்டைக்கு வந்திருக்கிறேனாம்!

கடைசியில் உள்ளேயிருந்து அவரே வந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுத்த வேலையில் 200 டாலர் கழித்துத் தருகிறேன் என்றார். அடுத்த வேலையாம். 1,460 டாலரைப் போட்டவனுக்கு 200 டாலர், அதுவும் அவரிடமே இன்னொரு தடவை வண்டியை விட்டால். வங்கியும் கையை விரித்துவிட்டது: நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை. விவரமாக எழுத நினைத்தேன், ஆனால் இதற்குமேல் உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், எஸ்டிமேட்டிலேயே அப்படி எழுதவையுங்கள். வண்டி லிஃப்ட்டில் இருக்கும்போதே ஆர்முக்கு அடியில் விரலை வையுங்கள், போல்ட் தலையைப் பாருங்கள், பணம் அதற்கப்புறம். கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள், மூணு சதவீதம் போனால் போகட்டும். முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்னால் மட்டும் தடிப்பான பார் போடாதீர்கள். ரப்பர் புஷிங் என்றால் சக்கரம் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் சீக்கிரம் கிழியும்.

மிச்சிகனில் ரிப்பேர் கடைகள் மாநில அரசின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், புகாரும் அங்கேயே கொடுக்கலாம். போட்டோ, எஸ்டிமேட், இன்வாய்ஸ் எல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். எது அந்தக் கடை என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள், புகார் முடியும்வரை சொல்ல மாட்டேன். புது ஆர்ம் நானே ஆர்டர் போட்டுவிட்டேன், இந்தத் தடவை வேலை நண்பன் கராஜில்தான். 1,460 டாலரில் இதுவரை ஒரு சென்ட் திரும்பி வரவில்லை.