எட்டு மாசம் கவுன்சிலிங் போனேன், ஒரு ஸ்டார் மட்டும் கொறைச்சிருக்கேன்

அண்ணா நகர் பக்கம், மாடியில இருக்கற சின்ன கவுன்சிலிங் சென்டர். ஒரு செஷன் 50 நிமிஷம், 1,200 ரூபா. மொதல்ல வாரம் ஒரு தடவ, அப்புறம் மாசம் ரெண்டு.

எதுக்கு போனேன்னா, மொத கல்யாணத்துல அடி ஒதை எல்லாம் பாத்தாச்சு, டைவர்ஸ் ஆகியே நாலு வருஷம் ஆச்சு, அதோட முடிஞ்சுதுன்னு தான் நெனச்சிட்டிருந்தேன். இப்போ கட்டிக்கப் போறவரு தங்கமான மனுஷன், சத்தமா கூட பேச மாட்டாரு, ஆனா அவரு கார் கதவ படார்னு சாத்தினா எனக்கு கை நடுங்கும், மெசேஜ் பாத்துட்டு அரை மணி நேரம் பதில் போடலன்னா என்ன தப்பு பண்ணோம்னு மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சிடும், சாம்பார்ல உப்பு கம்மின்னு சிரிச்சிட்டே சொன்னதுக்கு நாலு தடவ சாரி சொல்லியிருக்கேன். பாவம், அவரு பயந்துட்டாரு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு எடம் போனேன், பேரு வேணாம். மொத நாளே எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்ல வெச்சிட்டு, கடைசில "பழச மறந்துட்டு புது வாழ்க்கைய பாரும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பொட்டு தூக்கம் இல்ல.

இங்க மேடம் மொத மூணு செஷன் பழைய கதையவே கேக்கல. தூக்கம் எப்படி, பதட்டம் வந்தா ஒடம்புல எங்க தெரியுது, இவ்ளோ தான். பதட்டம் வரும்போது கண்ணுக்கு தெரியற 5 பொருள், தொடறது 4, காதுல விழறது 3, வாசனை 2, ருசி 1ன்னு எண்ண சொன்னாங்க. எல்கேஜி பாடம் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன், ஆனா பஸ்ல ஒரு நாள் கைகொடுத்துச்சு. ஆபத்து வந்தா சண்ட போடறது, ஓடறது, ஒறைஞ்சு போறது மட்டும் இல்லயாம், எதிர்ல இருக்கறவங்கள சமாதானப்படுத்தியே தப்பிக்கறதும் ஒரு வழியாம், என்னோட சாரி அந்த வகைன்னாங்க. ஆள் மாறினது மனசுக்கு தெரியும், ஒடம்புக்கு இன்னும் தெரியல, அவ்ளோ தான்னு சொன்னப்போ தான் எனக்கு பைத்தியம் இல்லன்னு நம்பிக்கையே வந்துச்சு.

வீட்டுப்பாடம் என்னன்னா சின்ன சின்னதா "வேணாம்" சொல்லிப் பழகணும். அம்மா மூணாவது தோசை போடும்போது வேணாம்னு சொல்லி அதுல நிக்கணும் (இதுல இன்னிக்கு வரைக்கும் ஃபெயில்). அவருகிட்ட "கதவ மெதுவா சாத்துங்க, பயமா இருக்கு"ன்னு சொல்றதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. இப்போ அவரு "சாத்தறேன்"னு சொல்லிட்டு தான் சாத்தறாரு, வாட்ச்மேன் ஒரு மாதிரி பாக்கறாரு.

அவரும் ரெண்டு செஷன் வந்தாரு. "நான் என்ன அவன மாதிரியா"ன்னு கேக்காதீங்க, கோவம் வந்தா பேசாம எழுந்து போகாதீங்க, எட்டு மணிக்கு பேசலாம்னு நேரம் சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வந்து பேசுங்கன்னு அவருகிட்ட சொன்னாங்க. எனக்கு சொன்னத விட இது தான் எங்களுக்கு ரொம்ப ஒதவுச்சு. ஆனா ஒண்ணு, அடிக்கற ஆளோட இன்னும் ஒரே வீட்ல இருக்கறவங்க ஜோடியா கவுன்சிலிங் வராதீங்க, உள்ள பேசினதுக்கு வீட்ல போய் அடி விழும், மொதல்ல பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, ரூமுக்கு நடுவுல வெறும் பிளைவுட் தடுப்பு தான், பக்கத்து ரூம்ல அழறது நல்லாவே கேக்குது, நாம அழறதும் அங்க கேக்கும்ல. ரிசப்ஷன்ல பேர சொல்லி சத்தமா கூப்பிடறாங்க, டோக்கன் நம்பர் குடுத்தா என்ன?

எங்க போனாலும் படிப்ப கேளுங்க, க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொன்னா ஆர்சிஐ (Rehabilitation Council of India, மத்திய அரசு அமைப்பு) பதிவு எண் இருக்கணும். காசு இல்லன்னா அரசாங்கத்தோட மனநல ஃபோன் உதவி டெலி மானஸ் 14416, 2022ல இருந்து நடக்குது, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். இங்க வர்றதா இருந்தா சாயங்காலம் 6 மணி ஸ்லாட் சீக்கிரம் போயிடும், கடைசி ரூம் கேட்டு வாங்குங்க, அதுக்கு ஒரு பக்கமாவது செவுரு இருக்கு.