புல்குக்சாவா, ஹேயின்சாவா?

தென் கொரியாவில் சியோலை முடித்துவிட்டுப் பழைய பௌத்தக் கோயில் ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்பவர்கள் முன் கடைசியில் நிற்பவை இந்த இரண்டும்தான். 2023 மே முதல் இரண்டிலும் நுழைவுக் கட்டணம் இல்லை.

போக்குவரத்தில் கியோங்ஜூவின் புல்குக்சாவை அடித்துக்கொள்ள முடியாது. அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், பிறகு டவுன் பஸ். ஹேயின்சாவுக்கு தேகு வரை ரயில், அங்கிருந்து காயா மலைக்கு ஒன்றரை மணி நேர பஸ், அப்புறம் ஏற்றத்தில் நடை.

புல்குக்சா சில்லா அரசு காலத்தில், 751-ல் எழத் தொடங்கியது. ஆனால் 1593-ல் ஜப்பானியப் படை எரித்துவிட்டது. இன்றைய மரக் கட்டடங்களில் பல 1969–73 திருப்பணியில் வந்தவை. பளபளக்கும் உத்தரத்தைப் பார்த்து 'இதுவா பழசு?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் குனிந்து அடித்தளத்தைப் பார்க்கட்டும். கீழே செதுக்காத பாறைகள். மேலே வரும் கல்லை அந்தப் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். பழமை முழுக்க கல்லில்தான். முற்றத்து தபோதாப் கோபுரம் கொரியாவின் பத்து வொன் நாணயத்திலும் இருக்கிறது. மலைமேல் உள்ள சொக்குராம் குகைப் புத்தரையும் அதே நாளில் பார்க்கலாம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி.

ஹேயின்சா 802-ல் தோன்றியது. அங்கும் தீ விட்டுவைக்கவில்லை; பிரதான மண்டபம் 1818-ல் மறுபடி கட்டியது. தப்பியது ஏட்டு மண்டபம். மங்கோலியப் படையெடுப்பின் நடுவே 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட திரிபிடக (பௌத்த மறைநூல்) அச்சுப் பலகைகள் அதற்குள் இருக்கின்றன. ஏசி இல்லை, மின்விசிறி இல்லை. முன் சுவரில் கீழ்ச் சன்னல் பெரிது, மேல்சன்னல் சிறிது. பின் சுவரில் அப்படியே தலைகீழ். உள்ளே வரும் காற்று நேராக வெளியேறாமல் சுழன்று போகும். மண் தரையில் கரியும் உப்பும் சுண்ணாம்பும் கலந்து ஈரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். முன்பதிவு இல்லாமல் போனால் மரச்சட்ட இடுக்கில் எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த இடுக்குக்காகவே நான் ஹேயின்சா பக்கம்.

குழந்தைகள், வயதானவர்கள், அரை நாள் அவகாசம் என்றால் யோசிக்கவே வேண்டாம், புல்குக்சா. ஓர் இரவு கையில் இருந்தால் ஹேயின்சாவில் தங்குங்கள். மாலையில் பிக்குகள் பெருமுரசு அடிப்பதைக் கேட்கலாம். கொரியாவில் சைவச் சாப்பாடு தேடி அலுத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கோயில் சமையலில் மீனும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை.