உர்காந்தாவும் மெலியாவும்: மந்திர நூல் யாருக்கு உரியது?

ஸ்பானிய வீரசாகசக் கதைகளின் மாயக்காரிகளில் பலரும் முதலில் நினைவுகூர்வது உர்காந்தாவைத்தான். 1508இல் சரகோசாவில் அச்சான 'அமாதிஸ் தெ கவுலா'வில் அவள் இளம்பெண்ணாகவும் கிழவியாகவும் உருமாறித் தோன்றி, வரப்போவதைப் புதிர்மொழியில் முன்னுரைத்து, நாயகன் அமாதிஸைக் காக்கிறாள். ஆயினும் மந்திர நூல்களைப் பொறுத்தவரை, அந்நூலைத் திருத்தி அமைத்த கார்சி ரொத்ரிகேஸ் தெ மொந்தால்வோ, அதன் தொடர்ச்சியாகிய, அமாதிஸின் மகன் எஸ்பிளாந்தியானின் கதையில் அவளுக்கு எதிராக நிறுத்திய பாரசீக இளவரசி மெலியாவே கனமான பாத்திரம் என்பது என் முடிவு.

உர்காந்தாவுக்கு நூல் ஒரு கருவி. அர்கலாவுஸ் என்னும் மந்திரவாதியின் கோட்டையில் அமாதிஸ் உணர்விழந்து கிடக்கும்போது, அவள் அனுப்பிய பெண்கள் இருவர் வருகிறார்கள். ஒருத்தி பேழையிலிருந்து ஒரு நூலை எடுத்து வாசிக்க வாசிக்க, அறைக்குள்ளிருந்து குரல்கள் மறுமொழி சொல்கின்றன. பிறகு காற்று தள்ளியதுபோல் இன்னொரு நூல் தரையில் உருண்டு வந்து அவள் காலடியில் நிற்கிறது. அதை நான்கு துண்டாக்கி அறையின் நான்கு மூலைகளிலும் அவள் எரித்ததும் நாயகன் எழுகிறான். கட்டும் நூல், அவிழ்க்கும் நூல் என இரண்டு ஏடுகளையே மோதவிட்டு, ஒரு வாள்கூட உருவப்படாமல் முடியும் இக்காட்சிக்கு ஈடான வேறொன்றை அந்நெடுங்கதையில் நான் காணவில்லை. ஆனால் உர்காந்தா அங்கே நேரில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மெலியாவோ அரசகுலத்தில் பிறந்தும் அரண்மனையை விட்டு, குகையில் நூல்களோடு முதுமை எய்தியவள். நேருக்கு நேர் மோதும்போது வெல்பவளும் அவளே: உர்காந்தாவைக் கவர்ந்து சென்று பாரசீக நகரமான தெசிஃபாந்தெயில் சிறைவைக்கிறாள். இருவரின் கலையும் ஒன்றே. ஒருத்தி கிறித்தவர் பக்கம் நிற்பதால் நல்லவளாகவும், மற்றவள் கான்ஸ்தாந்திநோபிளைத் தாக்குவோர் பக்கம் நிற்பதால் தீயவளாகவும் ஆகிறார்கள். 1453இல் அந்நகர் துருக்கியரிடம் வீழ்ந்த நினைவு ஆறாத காலத்தில் எழுதியவரிடம் வேறு தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது.

உர்காந்தாவுக்கு ஒரு பெருமை உண்டு: கதைக்குள்ளேயே, வேட்டைக்குப் போய்ப் பள்ளத்தில் விழுந்த மொந்தால்வோவையே எதிர்கொண்டு, கதையை எப்படித் தொடர்வது என்று ஆணையிடுகிறாள். இருந்தும் முடிவில் அமாதிஸையும் அவன் சுற்றத்தாரையும் மூப்பும் சாவும் தீண்டாதபடி மயக்கத்தில் ஆழ்த்த நேர்ந்தபோது, அவள் நாடியது மெலியாவிடமிருந்து கைமாறிய நூல்களைத்தான்.