ஐம்பதைத் தாண்டி மறுபடி எடை தூக்க: ஜிம்மா, வீட்டு வளவா?

வேலைக்காகச் சென்னை, சிங்கப்பூர் என்று இருந்துவிட்டு, ஐம்பத்தைந்து வாக்கில் காரைக்குடிப் பக்கம் திரும்பி வருகிறவர்களில் இளவயதில் ஒழுங்காக எடை தூக்கியவர்களும் இருக்கிறார்கள். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நினைத்தால் ஜிம் மெஷின், பார்பெல், வீட்டில் டம்பெல், நம் பழைய கர்லாக்கட்டையும் தண்டாலும் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. எதில் அதிக எடை தூக்கலாம் என்று பார்த்து இதில் ஒன்றை எடுக்காதீர்கள். எது நம்மை மெதுவாகப் போக வைக்கும் என்று பாருங்கள்.

ஒருகாலத்தில் பழகிய தசை, இடைவெளிக்குப் பிறகும் புதியவரின் தசையைவிடச் சீக்கிரம் வலுப்பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் ஒன்றிரண்டு மாதத்தில் கை இன்னும் பத்து கிலோ கேட்கும், தோளும் முழங்கையும் அதற்குத் தயாராக இருக்காது. திரும்பி வருகிறவர்கள் அடிபடும் கட்டம் இதுதான்.

இந்தக் கணக்கில் முதல் மூன்று மாதத்துக்கு என் ஓட்டு மெஷினுக்கு. காலால் தள்ளும் லெக் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் ரோ, மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுன் எல்லாவற்றிலும் எடை ஒரே பாதையில்தான் நகரும். பாதியில் முடியவில்லை என்றால் விட்டுவிடலாம், மேலே விழாது. குறையும் உண்டு. பல மெஷின்களில் எடை ஐந்து ஐந்து கிலோவாகத்தான் ஏறும், தோளுக்கு அது பெரிய தாவல். உடம்பின் சமநிலைக்கும் அதில் வேலை கிடையாது. அறுபதை நெருங்கும்போது கீழே விழாமல் இருப்பதற்கு அதுவும் வேண்டும். விடிகாலையில் ஜிம்மில் இளவட்டங்களின் கூட்டம் இருக்கும், அவர்கள் போடும் எடையைப் பார்க்காமல் இருப்பதே ஒரு பயிற்சி.

பார்பெல்லை விரும்புகிறவர்களின் வாதம் நியாயமானது. ஒன்றேகால் கிலோ தகடுகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டு இரண்டரை கிலோவாக ஏற்றலாம், முழு உடம்பும் வேலை செய்யும். ஆனால் பெரிய ராடு வெறுமனே 20 கிலோ. ஸ்குவாட்டில், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சியில், அதை முதுகில் தாங்க, தோள் நன்றாகப் பின்னால் திரும்ப வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சாதாரணம், அப்படி இறுகியவர்களால் அந்தப் பிடியே பிடிக்க முடியாது. இளவயதில் தூக்கிய கிலோக் கணக்கு ஞாபகத்துக்கு வருவதும் பார்பெல்லைத் தொட்டதும்தான். மூச்சை அடக்கித் தூக்கினால் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

செட்டிநாட்டில் வீட்டுப் பயிற்சிக்கு ஒரு தனி வசதி உண்டு. வீட்டுக்குள் தூண்கள் சூழ்ந்த முற்றமான வளவில் காற்றும் வெளிச்சமும் இருக்கும், நகரத்து ஃபிளாட்டில் கிடைக்காத இடம். தகடு மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல் போதும். நெஞ்சோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல ஸ்குவாட். டம்பெல்லில் வராதது, மேலிருந்து கீழே இழுக்கும் பயிற்சி. வளவுத் தூணில் எலாஸ்டிக் பேண்டை உயரமாகக் கட்டி இழுத்தால் அந்தக் குறையும் தீரும். ஒரு கவனம் வேண்டும்: தரை ஆத்தங்குடிக் கல் என்றால் கனமான ரப்பர் பாய் விரிக்காமல் டம்பெல்லை எடுக்காதீர்கள். கையால் செய்த அந்தக் கல் உடைந்தால் அதே நிறத்தில் பழைய கல் கிடைப்பது கஷ்டம்.

டம்பெல்லின் நிஜமான குறை கால்களுக்கு. கொஞ்ச மாதத்திலேயே வீட்டில் இருக்கும் எடை பத்தாமல் போகும். அப்போது எடை தேடி அலைய வேண்டாம், மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள், அப்புறம் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். உடற்பயிற்சியே அறியாத ஆச்சிமார் தொடங்குவதற்கும் வீட்டு டம்பெல்தான் சௌகரியம். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும்போது எடைப் பயிற்சி அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

கர்லாக்கட்டை தோளை இளக்க நல்லது, லேசான கட்டையாக இருந்தால். தண்டாலைச் சுவரில் கை வைத்துத் தொடங்கி, திண்ணை விளிம்புக்கு வந்து, அப்புறம் தரைக்கு இறங்கலாம். நூறு நூறாக உட்கார்ந்து எழும் பஸ்கி எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், தேய்ந்த முழங்கால் அதைத் தாங்காது.

எந்த வழியானாலும், இன்று நெஞ்சு நாளை முதுகு என்று பிரிப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று நாள் முழு உடம்புக்கும் செய்வதே மேல். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் தசைப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாளாவது கேட்கிறது. ஐந்தாறு பயிற்சி, இரண்டிரண்டு செட், இன்னும் மூன்று முறை முடியும் என்ற நிலையில் நிறுத்திவிடுவது. பழைய எடையில் பாதிக்கும் கீழே ஆரம்பியுங்கள். முதல் நாளே வெறியோடு செய்து, பின்பு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி அது.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் தூக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். காலையில் இடியாப்பம், பணியாரத்தோடு நிறுத்தினால் புரதம் பத்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், மீதியைப் பருப்பு, சுண்டல், தயிர், மீன், கோழி என்று மூன்று வேளைக்கும் பங்கிட வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள், நடையே போதுமே என்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் இழந்த தசையை அது மீட்டுத் தராது. போய்விட்டு வந்தால் பாதம் ஆறும்வரை பொறுங்கள். அப்புறம் முதல் வாரம் எடையைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள், அடுத்த வாரம் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம்.